‘ஆ’ சொல்லத் தெரியாத வீடு

அத்தியாயம் ஏழு

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டே வரி. முன்னால் தையல் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. கடையில் துணி வெட்டும் அப்பா. காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் சின்னவள். எட்டு நாளைக்கு முன் புகுந்த வீட்டிலிருந்து பெரிய பெட்டியும் இரண்டரை வயதுப் பெண்ணுமாக ‘சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு’ வந்து இறங்கிய பெரியவள். இவர்களோடு, நான்கு வாரம்கூட நிறையாமல் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, நூல்கண்டுகள் வரும் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்த ஒரு நாய்க்குட்டி. வந்த பெட்டியின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. நூல்கண்டு.

இரண்டு வரி என்று சொல்லி இத்தனை ஆகிவிட்டது. கதைக்குப் போவோம்.

அன்று காலை சின்னவள் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தபோது அந்த அட்டைப்பெட்டி வாசலோரம் இருந்தது. உள்ளே ஒரு பழைய துண்டு. வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். துண்டின் ஓரங்கள் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. இந்த வீட்டில் அப்படி மடிக்கிற கை ஒன்றுதான்.

அப்பா எதையும் இரண்டு முறை சொல்லமாட்டார். முந்தின நாள் சாப்பிடும்போது ஒரு முறை சொல்லியிருந்தார்.

"குழந்தை மேல பல்லு பட்டுச்சுன்னா, அன்னைக்கே அது வந்த பெட்டியிலேயே போயிடும்."

எங்கே போகும் என்பதும் முடிவாகியிருந்தது. தெருக்கோடியில் இருக்கும் கிடங்குக் காவலாளி கேட்டிருந்தார். கிடங்கு வாசலில் சங்கிலியில் கட்டிப்போட ஒரு நாய் வேண்டுமாம். கடிக்குமா என்று யாரோ கேட்டதற்கு, கடித்தால்தான் வேண்டும் என்றாராம்.

சின்னவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் நூல்கண்டு வந்து அவள் கால் கட்டைவிரலைக் கவ்வியது. ஏழு வாரக் குட்டியின் பல்லைப் பல் என்று சொல்வது பேச்சுக்குத்தான். அத்தனையும் ஊசி. மெல்லிய துணிக்குப் போடுவோமே, அந்த நம்பர் ஊசி. சின்னவள் உதட்டை மடித்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் காலை இழுத்தாள். குட்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இழுத்தால் விளையாட்டு என்று அர்த்தம். இன்னும் அழுத்திக் கடித்தது.

அவள் கத்தியிருக்க வேண்டும். கால்நடை டாக்டரம்மா அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் கத்தத் தெரியாது.

அதற்குக் காரணம் தொழில். ஊசி குத்தும்போது கத்தினால் கை உதறும். உதறினால் ரத்தம் துணியில் தெறிக்கும். அதனால் குத்திய நொடியில் வாயை மூடிக்கொண்டு முதலில் கையைத் துணியிலிருந்து விலக்கிவிட வேண்டும். விரலுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘துணி முதல்ல, விரல் அப்புறம்’ என்பார் அப்பா. அக்காவும் தங்கையும் எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டார்கள். எட்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்த மறுநாள்கூட, மூன்று பேரும் உட்கார்ந்து யாருக்கோ சொன்ன தேதியில் ஒரு கோட்டை முடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு சொட்டுக் கறை இல்லை. தெருவே அதைப் பெருமையாகச் சொன்னது. அது பெருமைதானா என்று சின்னவளுக்கு இன்று வரை பிடிபடவில்லை.

மீறி ரத்தம் விழுந்துவிட்டால் அதற்கும் ஒரு வழி உண்டு. வெள்ளை நூலை ஒரு விரல் நீளம் அறுத்து வாயில் போட்டு, பந்தாகும் வரை மென்று, அந்த ஈர நூலால் கறையை ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை. யாருடைய ரத்தமோ அவருடைய எச்சில்தான் வேண்டும். அடுத்தவர் மென்ற நூலுக்கு அந்தக் கறை மசியாது. ஏன் என்று கேட்டால் அப்பாவுக்கும் தெரியாது. கறை போகிறது, அவ்வளவுதான்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கேப்டன் வருவார்" என்றார் அப்பா, மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

கப்பல் கேப்டனின் கோட்டு. பாலைப் போல் வெள்ளை, முன்பக்கம் எட்டுப் பித்தளைப் பட்டன். மறுநாள் ஏதோ விழாவில் அதைப் போட்டுக்கொண்டு அவர் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். கை வைத்து மூட்டியது அப்பா. லைனிங் கொடுத்து, அன்று காலை எழுந்ததும் அயர்ன் செய்தது பெரியவள். பட்டன் சின்னவள். எட்டில் ஆறு ஏறியிருந்தது.

பெரியவள் அடுத்த மிஷினில் உட்கார்ந்து யாருடைய பேண்ட்டையோ சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். வந்த மறுநாளிலிருந்து அவள் அந்த மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. சும்மா பார்க்க வந்தவள் எட்டு நாளாகப் பேண்ட் தைக்கிறாளே என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய போன் ஒரு நாளைக்கு நாலு முறை அடித்து, தானே ஓய்ந்தது. அதையும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் சின்னவள் கவனித்திருந்தாள். அக்கா விரல்தொப்பியைக் கட்டைவிரலில் மாட்டியிருந்தாள். ஊசியைத் தள்ளுகிற விரலுக்குத்தான் அந்த இரும்புத் தொப்பி. கட்டைவிரலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. பழக்கம் விட்டுப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிடும்போதும் அதைக் கழற்றாமல் இருந்ததைப் பார்த்து, ராத்திரி தலைவலி வந்தால் அதற்கு நெற்றியில் ஒன்று மாட்டிக்கொள் என்று கேலிகூடச் செய்தாள். அக்கா சிரித்தாள். கழற்றவில்லை.

அப்பாவின் இடது உள்ளங்கையில் மூன்று நாளாக ஒரு பிளாஸ்திரி. கத்தரி பட்டுவிட்டதாம்.

சின்னவள் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெட்டும் மேசைக்கு அடியில் பெரியவளின் பொடிசு உட்கார்ந்து, தரையில் விழுந்த துண்டுத் துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கே இளவரசி. நூல்கண்டை அவளிடம் நெருங்க விடக்கூடாது என்பது உத்தரவு. குட்டியை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றைச் சின்னவளின் நாற்காலிக் காலில் சுற்றியிருந்தார்கள். கயிறு எட்டடி. மேசை ஐந்தடியில் இருந்தது. துணியை நூலிழை தவறாமல் அளக்கும் மூன்று பேர் இருந்த அந்தக் கடையில், இதை யாரும் அளக்கவில்லை.

பத்தரை மணிக்குச் சின்னவள் குட்டியைத் தூக்கி ஒரு துணிப்பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இதுவும் டாக்டரம்மா சொன்னதுதான். கூடப் பிறந்ததுகளோடு இருந்து கற்றுக்கொள்ள வேண்டியதை இது கற்றுக்கொள்ளவில்லை. உலகம் இன்னதென்று இதற்கு இப்போதே காட்டிவிட வேண்டும், இன்னும் ஐந்தாறு வாரம் போனால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்றார். தடுப்பூசி முடியாததால் தரையில் விடக்கூடாது. தூக்கிக்கொண்டு போய் தினமும் ஒரு புதுப் பொருள், ஒரு புதுச் சத்தம், ஒரு புது மனிதர். சின்னவள் ஒரு காகிதத்தில் பட்டியல் வைத்திருந்தாள். குடை, தாடி வைத்தவர், தொப்பி வைத்தவர், சைக்கிள் மணி, ஊன்றுகோல், மோட்டார் பைக். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் குடையை விரித்தார். குட்டி பைக்குள் சுருண்டது. ஒரு நிமிடம் கழித்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. சின்னவளுக்கு அது தேறுகிறதா, இல்லை பயந்து ஓய்ந்துவிட்டதா என்று புரியவில்லை. நல்லது என்று நினைத்துக் குடை என்பதை அடித்தாள். பிறகு சந்தேகம் வந்து, அடித்ததன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அடித்த வரிகளில் கேள்விக்குறி இல்லாத வரியே இல்லை.

அவளுக்கு எதிலும் உறுதி இல்லாமல் போய் மூன்று வாரம் ஆகிறது. நூல் கொண்டுவந்த லாரி டிரைவர் வண்டியைத் திருப்பும் அவசரத்தில், தாய் நாயின் மடியிலிருந்து குட்டி ஒன்றைப் பிய்த்து, ‘வேணுமா’ என்று நீட்டினார். வேணும் என்று சொல்ல அவளுக்கு அரை நொடி ஆனது. அவள் வாழ்க்கையில் அரை நொடியில் எடுத்த முடிவு அது ஒன்றுதான். இரவில் அது முனகும்போது, தான் அதைக் காப்பாற்றினோமா, திருடினோமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பாள்.

டாக்டரம்மாவின் அறையில் அவருடைய நாயும் இருந்தது. ஒற்றைக் கண், நரைத்த மூஞ்சி, தாத்தா நடை. நூல்கண்டை அதன் முன்னால் இறக்கிவிட்டார். குட்டி ஓடிப்போய் நேராக அதன் காதைக் கடித்தது. கிழ நாய் தொண்டைக்குள் ஒரு முறை உறுமிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான். குட்டி அப்படியே நின்றது. தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. பிறகு சின்னவளைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, உனக்கு விளங்குகிறதா என்று கேட்பதுபோல் இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு, "கையைக் காட்டும்மா."

சின்னவள் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். புள்ளிப் புள்ளியாக, தையல் போட்டது போல், மணிக்கட்டிலிருந்து வரிசை. ஒன்று அன்று காலையில் பட்டது; இன்னும் காயவில்லை.

டாக்டரம்மா மருந்து போட்டுக்கொண்டே பேசினார். குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடும். கடி பலமாக விழுந்தால் கடிபட்டது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அப்போதுதான் கடித்ததற்குத் தன் பல்லின் பலம் தெரியும். இதற்கு அப்படிக் கத்த அண்ணன் தம்பி இல்லை. அதனால் வீட்டில் இருப்பவர்கள்தான் கத்த வேண்டும், இதைப் போன வாரமே சொன்னேனே, கத்தினீர்களா என்று கேட்டார்.

கத்தினேன் என்றாள் சின்னவள்.

"எப்படிக் கத்தினீங்க? இப்பக் காட்டுங்க."

சின்னவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஆ" என்றாள்.

டாக்டரம்மா பஞ்சைக் கீழே வைத்தார். "ஸ்கூல்ல டீச்சர் பேர் கூப்பிடும்போது பசங்க சொல்வாங்களே, அந்த மாதிரி இருக்கு. வலிக்குதுன்னு சொல்லணும்மா. வந்திருக்கேன்னு இல்ல."

இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். கிழ நாய் எழுந்து வேறு அறைக்குப் போயிற்று.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். வலிக்காமல் இல்லை. வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கும் வாய்க்கும் நடுவில் எங்கேயோ நூல் அறுந்து கிடக்கிறது. எந்த இடத்தில் என்று தேடினால் முனை அகப்படவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மிஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சின்னவள் எட்டாவது பட்டனை முடித்து, நூலைக் கடித்து அறுத்து, கோட்டை தோள் வடிவ ஸ்டாண்டான மரத்தோளில் மாட்டினாள். அழகாக இருந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் உள்ளே நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. அப்பா மிஷினை நிறுத்திவிட்டு வந்து சுற்றிப் பார்த்தார். தோள், கழுத்து, முதுகு. இடது கை.

அங்கே நின்றார்.

கைமடிப்புக்கு உள்பக்கம், கடுகளவு ஒரு சிவப்பு.

கடிகாரம் மூன்றேகால் காட்டியது. அப்பா தன் உள்ளங்கைப் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டார். அது ஓரத்தில் விட்டிருந்தது. வெள்ளை நூலை அறுத்து வாயில் போட்டு, சுவரைப் பார்த்தபடி மென்றார். பந்தாக எடுத்து ஒற்றினார். ஒற்றினார். மறுபடி ஒற்றினார்.

கறை இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்பாவின் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. அவர் முகத்தில் அது வந்து சின்னவள் பார்த்ததில்லை. அவர் இன்னொரு நூலை அறுத்தார். அதை அவள் பக்கம் நீட்டினார்.

"உன்னோடதா பாரு."

பெரியவளும் மிஷினை நிறுத்திவிட்டாள்.

நூலை வாங்கினால் காயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். காயம் எங்கே என்பார். சட்டைக் கையை ஏற்றச் சொல்வார். இத்தனை கடி கடிக்கிற பிராணியைக் குழந்தை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ள அவர் என்ன பைத்தியமா? வாங்காவிட்டால் கோட்டு கெட்டது. துணி முதல்ல, விரல் அப்புறம். அவள் கை தானாக நீண்டு நூலை வாங்கியது. மென்றாள். நூலுக்கு ஒரு ருசியும் இல்லை. ஒற்றும்போது, போய்விடு என்று வேண்டிக்கொள்வதா, போகாதே என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

போகவில்லை.

ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி மனசு கணக்குப் போட்டது. அப்பாவுடையது இல்லை. தன்னுடையதும் இல்லை. காலையில் அக்கா அயர்ன் செய்தபோது பொடிசு அவள் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாளே.

அப்பாவும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். பெரியவளைப் பார்த்து, மிக மெதுவாகக் கேட்டார்.

"குழந்தையோடதா?"

பெரியவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று. எழுந்து வந்தாள். கட்டைவிரலிலிருந்த விரல்தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். விரலின் சதையில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு துளை. ஒன்று வீங்கி, மறுபடி கசிந்திருந்தது. தானே நூலை அறுத்து, தானே மென்று, ஒரே ஒரு முறை ஒற்றினாள்.

கறை இல்லை.

"எப்ப கடிச்சுது?"

"வந்த மறுநாள்."

"ஏம்மா சொல்லல?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். "சொன்னா அனுப்பிடுவீங்க. இவ இத்தனை வருஷத்துல எதையாவது வேணும்னு கேட்டிருக்காளாப்பா?"

சின்னவள் சட்டைக் கையை ஏற்றி, கையை மேசைமேல் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் கத்தரி அவரைத் தொட்டதாக பிறந்த இருபத்துமூன்று வருடத்தில் அவளுக்கு நினைவில்லை. அவர் பிளாஸ்திரியை உரித்தார். நான்கு துளை, அதே அளவு, அதே இடைவெளி. எதற்காக அவர் அதை மறைத்தார் என்பதை அவர் சொல்லவில்லை. வாசலோரம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கையும் அதுதான். சின்னவளுக்கு இரண்டையும் சேர்த்துத் தைக்கத் தெரியவில்லை.

மூன்று கைகள் மேசைமேல் கிடந்தன. மிஷின் ஓடவில்லை. பட்டப்பகலில் அந்தக் கடையில் இத்தனை அமைதி எப்போது இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. மேசைக்கு அடியிலிருந்து, சின்னதாக.

"ஆ."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

பொடிசு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நூல்கண்டு, கயிற்றின் மிச்சம் மூன்றடியைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு. அவளுடைய கை அதன் வாயிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. குட்டி பின்வாங்கி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் யாரிடமும் அது அப்படி உட்கார்ந்ததில்லை. பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு துண்டுத் துணியை அடுக்கினாள். பிறகு மனமிரங்கி, கையை மறுபடி நீட்டினாள். குட்டி அதைக் கவ்வியது. கவ்வியதா, வைத்துக்கொண்டதா என்று சொல்ல முடியாத அளவுக்கு.

பெரியவள் பாய்ந்து குழந்தையை வெளியே இழுத்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எச்சில்தான் இருந்தது. லேசான ஒரு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மறைந்தது.

"உன்னைக் கடிச்சுதா?" என்றார் அப்பா.

பொடிசு யோசித்தாள். கடிக்கும், ஆ சொன்னால் விட்டுவிடும் என்று விளக்கினாள். தாத்தாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற ஆச்சரியம் அவள் முகத்தில் இருந்தது.

"எப்போலேர்ந்தும்மா?"

"நேத்து."

அவளுக்குக் கடந்துபோன எல்லா நாளும் நேற்றுதான். அவள் வந்து எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாளும் மேசைக்கு அடியில் அந்தப் பிள்ளை ஆ, ஆ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே மூன்று பேர் பல்லைக் கடித்துக்கொண்டு துணி தைத்திருக்கிறார்கள்.

இப்போது எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. பல் பட்டுவிட்டது. இன்றைக்கு மட்டும் இல்லை, எட்டு நாளாகப் பட்டுக்கொண்டிருக்கிறது. அட்டைப்பெட்டி வாசலில் தயாராக இருந்தது. சின்னவள் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அது கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்வதா? குழந்தையிடம் மட்டும்தானே கற்றுக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அக்கா புறப்பட்டுப் போனால் என்ன ஆகும்? யோசிக்க யோசிக்க நூல் சிக்கலாகிக்கொண்டே போனது. வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது. மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, பிளாஸ்திரி போன கையை நீட்டினார். குட்டி மோந்து பார்த்தது. காலையிலிருந்து யாரும் விளையாடாத ஏக்கம் அத்தனையும் சேர்த்துக் கவ்வியது.

அப்பாவின் உதடு மடிந்தது. கை பின்னால் நழுவியது. குட்டி துள்ளிக்கொண்டு தொடர்ந்தது.

"தாத்தா, சொல்லு" என்றாள் பொடிசு கண்டிப்பாக.

அவர் மறுபடி நீட்டினார். மறுபடி பல் இறங்கியது. சின்னவள் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏதோ ஏறி, நின்று, திரும்ப இறங்கி, மறுபடி ஏறியது. பல வருடமாகத் திறக்காத மேசை இழுப்பறையை யாரோ ஆட்டி ஆட்டி இழுப்பதுபோல் இருந்தது.

"ஆ."

கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. ஆனால் அது வலிதான். அதில் யாருக்கும் சந்தேகம் வரமுடியாது. நூல்கண்டு கையை விட்டது. இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து, காதை மடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

அப்பா அப்படியே இருந்தார், பாதி உடம்பு மேசைக்கு உள்ளே, பாதி வெளியே. இன்னொரு முறை "ஆ" என்றார். இன்னும் ஒரு முறை.

அப்போது குட்டி அவரைக் கடிக்கவில்லை.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பொடிசு மட்டும் திருப்தியாகத் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அவர் துண்டை எடுத்து மேசைக்கு அடியில் விரித்தார். விரித்த துண்டின் ஓரம் கோணலாக இருந்தது, அதைச் சரிசெய்யவில்லை. பிறகு தரையில் கிடந்த துண்டுத் துணிகளைக் கை கையாக அள்ளி, பெட்டி நிரம்பும் வரை போட்டார்.

"காவலாளிகிட்ட வேற எங்கயாவது பார்க்கச் சொல்லிடு" என்றார். "கயிறை அவுத்து விடு. அளக்காம கட்டியிருக்கீங்க ரெண்டு பேரும்."

கட்டியது அவர்தான். அதை நினைவுபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

பொடிசுக்கு வேலை முடியவில்லை. இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டுவிட்டாள். சித்தியின் முன்னால் வந்து நின்று, நீ சொல்லு என்றாள். சின்னவள் கையை நீட்ட, குட்டி கவ்வ, அவள் சொன்னாள். டாக்டரம்மாவின் அறையில் வராதது இப்போது வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. சொன்ன பிறகு சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணும் கலங்கியது. குட்டி அவள் கையை நக்கியது. அது மன்னிப்பா, எச்சிலா, அவளுக்குத் தெரியாது.

"அம்மா, நீ சொல்லு."

பெரியவள் மேசைமேல் கிடந்த விரல்தொப்பியை எடுத்தாள். உருட்டினாள். திரும்ப வைத்தாள். அவளுடைய போன் அடிக்க ஆரம்பித்தது. மிஷின் பலகைமேல் கிடந்து நடுங்கிக்கொண்டே அடித்தது. எட்டு நாளாக அடிக்கிற அதே நேரம், அதே புகுந்த வீட்டு நம்பர். அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. குட்டி அவள் காலடியில் வந்து உட்கார்ந்திருந்தது, கடிக்கவும் இல்லை. ஆனாலும் அவள் வாய் திறந்தது. மூடியது. உதடு உள்ளே மடிந்தது, நாலு வயதில் கற்றுக்கொண்ட அதே மடிப்பு.

போன் ஓய்ந்தது.

அப்பா மரத்தோளில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்தார். அதைக் கொண்டுபோய், எல்லார் கைக்கும் எட்டாத தூரத்தில், சுவரில் ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து பெரியவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையில துணி இல்லம்மா" என்றார். "சொல்லு."

வாசல் மணி அடித்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கேப்டன் நின்றிருந்தார், தலையில் தொப்பியோடு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. தொப்பி வைத்த மனிதர். பட்டியலில் இன்னும் அடிக்காமல் இருந்த வரி அது. நூல்கண்டு தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. குரைக்கலாமா, ஒளியலாமா என்று தெரியாமல், பெரியவளின் காலோடு ஒட்டிக்கொண்டது.

மணி இரண்டாவது முறை அடித்தது. கதவைத் திறக்க யாரும் எழுந்திருக்கவில்லை.